கூறையும் சீனப் பேரரசியும்

அம்மாவைப் போலச் சைவம் பார்ப்பவர்கள் இந்த ஊரில் குறைவு. கடையில் ஒரு பிஸ்கட் வாங்கினாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தெல்லாம் வாசிப்பார். முட்டை, ஜெலட்டின் என்று ஏதாவது கண்ணில் பட்டால் பெட்டி திரும்பவும் தட்டுக்குப் போய்விடும். அவருக்குப் பின்னால் தள்ளுவண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றே என் இளமையில் பாதி போனது. விரத நாட்களில் இன்னும் கடுமை. குளித்து, பட்டுச் சேலை உடுத்தித்தான் சாமி அறைக்குள் போவார். பருத்தியில் தீட்டு ஒட்டும், பட்டில் ஒட்டாது என்பது அவர் நம்பிக்கை.

அப்படிப்பட்டவருக்குச் சீனச் சம்பந்தி வாய்த்தார். மிசிசாகாவில் என்னோடு வேலை செய்தவரைக் கட்டப்போகிறேன் என்றதும் அம்மா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு, “பெடியன் நல்ல பெடியன். மரக்கறி சாப்பிடப் பழக்கலாம்,” என்று தானாகவே இறங்கி வந்தார்.

எங்கள் வழக்கத்தில், தாலி கட்டுவதற்கு முன் மணமகள் மாற்றி உடுக்கும் கூறைச் சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் அவருடைய தாயாருக்கு ஒரே சந்தோஷம். சிவப்பு என்றதும் இன்னும் சந்தோஷம்; அவர்களுக்கும் கலியாணம் என்றால் சிவப்புதான். மகனை இழுத்துக்கொண்டு ஸ்காபரோவில் உள்ள சேலைக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கி வாங்கி, மல்வேர்னில் எங்கள் வீட்டுக்குக் காட்டக் கொண்டுவந்தார்.

நல்ல அரக்குச் சிவப்பு, அகலச் சரிகை. அம்மா தடவிப் பார்த்துவிட்டு, “தரமான காஞ்சிபுரம்,” என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மாமிக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஊரில் நெய்தாலும் பட்டு எங்கள் பேரரசி கொடுத்ததுதான் என்றார்.

ஆதிகாலத்தில் மஞ்சள் பேரரசர் என்று ஒருவர் இருந்தாராம். அவருடைய மனைவி மல்பெரி மரத்தின் கீழ் இருந்து தேநீர் குடிக்கும்போது மேலேயிருந்து ஒரு புழுக்கூடு சுடுதேநீருக்குள் விழுந்ததாம். விரலால் எடுக்கப் பார்த்தால் நூல் வந்துகொண்டே இருந்ததாம். நானாக இருந்தால் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு வேறு தேநீர் கேட்டிருப்பேன். அவரோ நூலைப் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்திருக்கிறார். பிறகு புழு வளர்த்து, தறி செய்வித்து, ஊர்ப் பெண்களுக்கும் பழக்கியிருக்கிறார். மாமி இதைத் தன் ஒன்றுவிட்ட அக்காவின் கதைபோலச் சொன்னார். நானும் ஆசையாக மொழிபெயர்த்தேன். நான் ஒரு மடச்சி, அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்.

“உதுக்குள்ளை இருந்த புழுவுக்கு என்ன நடந்தது எண்டு கேள், பிள்ளை,” என்றார் அம்மா.

மாமி கள்ளமில்லாமல் பதில் சொன்னார். கூட்டோடு சேர்த்து அவிப்பதுதான். சின்ன வயதில் அந்தப் புழுவை மிளகாய் போட்டுப் பொரித்துச் சாப்பிட்டிருக்கிறாராம், நல்ல ருசியாம்.

நான் ருசியை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். ஆனால் அந்தளவு ஆங்கிலம் அம்மாவுக்கு விளங்கும். கையிலிருந்த கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

பட்டு புழுவிலிருந்து வருவது அம்மாவுக்குத் தெரியாதது அல்ல. புழு பூச்சியாகிப் பறந்துபோன பிறகு வெறுங்கூட்டைப் பொறுக்குவார்கள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாராம். “சாமிக்கு முன்னாலை உதைக் கட்டிக்கொண்டெல்லோ நிண்டனான்,” என்று அன்றைக்கே தன் பட்டுச் சேலைகளை எல்லாம் சூட்கேஸில் போட்டு மூடினார். எனக்கும் தீர்ப்பு வந்தது. “நீ நூல் சேலை கட்டு. உந்தக் கூறை மணவறைக்கு வரப்படாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுங்கள் என்று கேட்டதும் நாங்கள், வேண்டாம் என்பதும் நாங்களா? கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்தச் சேலையைத் திருப்பிக் கொடுத்தால் இந்த இரண்டு பெண்களும் பிறகு ஒரு வீட்டில் ஒன்றாக இருந்து சாப்பிடமாட்டார்கள். யார் மாமிக்குச் சொல்வது என்று நானும் மாப்பிள்ளையும் மாறி மாறித் தள்ளி, கடைசியில் மகனே சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மாமி தனியாக வந்தார். கோபத்தோடு வரவில்லை. சொல்ல மறந்ததைச் சொல்ல வந்தேன் என்றார். அந்தப் பேரரசியை அவர்கள் தெய்வமாகவே கும்பிடுவார்களாம். பின்னால் வந்த அரசிகளும் வசந்தகாலத்தில் அவருக்குப் பூசை செய்து, தங்கள் கையாலேயே இலை பறிப்பார்களாம். மாமியின் வீட்டிலும் புழு வளர்த்திருக்கிறார்கள். அந்த நாட்களில் உரத்துப் பேசக் கூடாது. வாசனை புழுவுக்கு ஆகாது என்பதால் மீன் பொரிக்கக் கூடாது. மாமியின் தாயார் குளித்துவிட்டுத்தான் இலைத் தட்டைத் தொடுவாராம்.

“மீன் பொரிக்கிறேல்லையாமோ?” அம்மா நிமிர்ந்து இருந்தார். “குளிச்சுப்போட்டோ இலை போடுறது?”

“ஓம் அம்மா.”

“அப்ப உவையும் விரதமெல்லோ இருந்திருக்கினம்.”

நான் அதைச் சொன்னதும் மாமி தலையாட்டினார். ஆனால் கடைசியில் அவிக்கத்தான் செய்வோம், அதை மறைக்கமாட்டேன் என்றார். தன் தாயார் புழுக்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அவிப்பாராம்.

அம்மா மாமிக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: “பிள்ளை கட்டட்டும். நான் இனிப் பட்டுத் தொடமாட்டன்.”

கலியாணத்தன்று மண்டபம் முழுக்கப் பட்டு சரசரத்தது. மணமகளின் தாய் மட்டும் நூல் சேலையில் நின்றார். சனம் அவரை மேலும் கீழும் பார்த்தது. அம்மா கணக்கெடுக்கவில்லை.

கூறையை வாங்கிக்கொண்டு மாற்றப் போனேன். புதுப் பட்டு விறைத்துக்கொண்டு நின்றது. உடுத்திவிட வந்த பெண் மடிப்பை எடுக்க எடுக்க அது கலைந்தது. வெளியே ஐயர் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். மாமி தானும் ஒரு தலைப்பைப் பிடித்து நிலைமையை இன்னும் மோசமாக்கினார். அம்மா கைகளைப் பின்னால் கட்டியபடி கதவடியில் நின்றார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

“விடுங்கோ, உப்பிடியோ பிடிக்கிறது?” என்று அம்மா உள்ளே வந்தார். நிலத்தில் முழங்காலூன்றி இருந்து அந்தப் பட்டை இரண்டு கையாலும் அள்ளினார். ஒவ்வொரு மடிப்பாக நீவி எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாதை, மை கரையும்,” என்று ஏசிக்கொண்டே மடிப்பைச் செருகினார். எழும்பி ஒருதரம் சேலையைத் தடவினார். “எத்தினை உயிர்,” என்றார். பிறகு என் காதுக்குள், “போய் இருந்தவுடனை முதல் அந்த மகாராணியைக் கும்பிடு. பிள்ளையார் கோவிக்கமாட்டார்.”

மணவறையில் இருந்து கண்ணை மூடிக் கும்பிட்டேன். யாரைக் கும்பிடுகிறாய் என்று பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார். உங்கள் ஊர்க்காரியைத்தான் என்றேன்.