என் தம்பி விளையாடியதைப் பார்த்தவர்கள்

என் தம்பிக்கு இத்தனை நெருங்கிய நண்பர்கள் இருந்தார்கள் என்பது அவன் செத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது ஈப்போவில் எந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும், அவனோடு ஒரே தட்டில் ரொட்டி சானாய் பிய்த்துத் தின்ற ஒருவர் பக்கத்து மேசையில் இருக்கிறார். அவனுக்கு முதல் காலணி வாங்கிக் கொடுத்தவர்களை ஒன்று சேர்த்தால் ஒரு காலணிக் கடையே வைக்கலாம். மருத்துவமனையில் கடைசி நேரத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் உண்மையிலேயே வந்திருந்தால், அந்த வார்டில் தாதிகளுக்கு நிற்க இடம் இருந்திருக்காது. நானும் அங்கேதான் இருந்தேன். இவர்களில் ஒருவரையும் பார்த்த ஞாபகம் இல்லை. அவ்வளவு கூட்டத்தில் கட்டிலை எனக்கு மறைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தம்பி கூடைப்பந்து ஆடினான். தோட்டத்துப் பிள்ளை என்றால் பந்தைக் காலால்தான் உதைக்கும் என்று எங்கள் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அம்மா அவனை பீடோரில் ஒரு சீனப் பள்ளியில் சேர்த்ததுதான் வினை. அந்தப் பள்ளி வேன் எங்கள் லயத்து வீட்டு வாசல்வரை வரும், அதனால் சேர்த்தாள். இன்று மேடையில் பேசுகிறவர்கள் அதைத் 'தாயின் தொலைநோக்கு' என்கிறார்கள். அவள் நோக்கியது வேனை. பள்ளியில் அவனுக்குப் பந்தைக் கையால் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவனும் கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்து தொலைத்தான்.

பிறகு ஈப்போ அணி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. அதுவரை சீனர்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த திடலில் நம் பையன் ஒருவன் எல்லார் தலைக்கும் மேலே எழும்பிப் பந்தைப் போட்டதும், பேராக் மாநிலம் முழுவதும் நம் ஆட்களுக்குக் கூடைப்பந்தின் மேல் பாசம் பொங்கி வழிந்தது. முந்தின வாரம்வரை அந்த ஆட்டத்துக்கு எத்தனை பேர் என்று தெரியாதவர்கள், அடுத்த வாரம் நடுவரின் குடும்பத்தையே இழுத்துத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். பந்து கூடையில் விழுந்தால் 'கோல்' என்று கத்தினார்கள். எதிரணி போட்டபோதும் சிலர் கத்தினார்கள், பழக்கதோஷம். எங்கள் ஊர் சுங்காயிலிருந்து வேன் பிடித்து உறுமி மேளத்தோடு வந்தார்கள். மூடிய அரங்கில் உறுமி அடித்தால் நடுவரின் விசில் யாருக்குக் கேட்கும்? தம்பிக்கும் கேட்காது. ஆட்டம் நின்ற பிறகும் பாவம் அவன் தனியாக ஓடிக்கொண்டிருப்பான்.

இந்த ஊர்த் திருவிழாவுக்கு வராத ஒரே ஆள் அம்மா. ரப்பர் இருந்தவரை பால்மரம் வெட்டினாள், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உதிரிப் பழம் பொறுக்கினாள். வேலை இருக்கிறது என்பாள். அது சாக்கு. பெற்றவள் கண்ணைவிடப் பொல்லாத கண் உலகத்தில் இல்லை என்பது அவள் நம்பிக்கை. ஊரார் கண் பட்டால் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால் போய்விடும், தாய்க் கண் பட்டால் போகவே போகாதாம். சின்ன வயதில் அவன் வயிறாரச் சாப்பிட்டால்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சோறு போடுவாள். பாதி சோறு தரையில் விழும்.

ஆட்டம் முடிந்து அவன் வீட்டுக்கு வரும் நாளில் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். அவன் மண்டியிட வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குத் தலை எட்டாது. உப்பையும் காய்ந்த மிளகாயையும் சுற்றி கேஸ் அடுப்பில் போடுவாள். ஈப்போவின் நட்சத்திர ஆட்டக்காரனும் அவன் அக்கா நானும் இருமிக்கொண்டே வெளியே ஓடுவோம்.

"ஒரு தடவ வந்து பாரும்மா" என்பான்.

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சோம்."

"அப்பறம் என்னா? நா வந்து கண்ணு வைக்கணுமா?"

இத்தனை காவலையும் தாண்டி உள்ளே வந்தது ஒரு கொசு. டிங்கிக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனான். பிறகு மருத்துவமனைக்குப் போனான். பிறகு நாங்கள் போய் அவனைக் கொண்டுவந்தோம். அவன் நீளத்துக்குப் பெட்டி கிடைக்கவில்லை, எங்கெங்கோ தேடி எடுத்து வந்தார்கள். அன்று நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

ரசிகர்களுக்கு அந்தக் கொசுவைப் பிடிக்கவில்லை. தங்கள் நட்சத்திரம் போயும் போயும் கொசு கடித்துச் சாவதா? அதனால் அவன் சாவைக் கொஞ்சம் திருத்தி எழுதினார்கள். சிம்பாங் பூலாய் பக்கம் அது செய்வினை. பீடோர் பக்கம், எதிரணிக்காரன் அவன் நெஞ்சில் முழங்கையால் இடித்தது உள்ளுக்குள் ரத்தம் கட்டி நின்றது. இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கதைப்படி, கடைசிப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டு, ரசிகர்களைப் பார்த்துச் சிரித்தபடி திடலிலேயே சாய்ந்தானாம். அவன் கடைசியாகக் கேட்டது ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங். அதையும் டாக்டர் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார். இதை மேடையில் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

ஒவ்வோர் ஆண்டும் அவன் நினைவு நாளில் சிம்பாங் பூலாயில் ஒரு திறந்த திடலில் போட்டி நடத்துகிறார்கள். அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர். கார் கழுவும் கடை வைத்திருக்கிறார். தம்பியை ஒரு முறை சந்தித்ததாக முதல் ஆண்டு சொன்னார். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் நட்பு நெருக்கமாகிக்கொண்டே வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் எனக்கும் அண்ணன் ஆகிவிடுவார்.

போட்டிக்கு நான் போவேன், குடும்பத்திலிருந்து ஒரு முகம் வேண்டும் என்பதற்காக. இந்த ஆண்டு கிளம்பும்போது அம்மா சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நானும் வாரேன்."

"எதுக்கு?"

"அவன் ஆடுனத பாக்கணும். அம்புட்டு பேரும் கையில போன் வச்சிருக்கானுங்க, யாராச்சும் புடிச்சு வச்சிருப்பாங்கள்ல?"

நான் அவளையே பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னாள்: "இனிமே எங் கண்ணு அவன என்னா செஞ்சிரும்?"

நான் போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். சுங்காயிலிருந்து சிம்பாங் பூலாய்வரை காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. அவன் ஆடும் வீடியோவை நானே இணையத்தில் பல தடவை தேடியிருக்கிறேன். உள்ளூர்ப் போட்டியை எந்தத் தொலைக்காட்சி வந்து பிடிக்கும்? கோப்பையோடு நிற்கும் படங்கள்தான் கிடைத்தன. அவளிடம் இதைச் சொல்லவில்லை. இத்தனை ரசிகர்களில் ஒருவரிடமாவது இல்லாமலா போகும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

திடலில் எல்லாம் ஜோராக இருந்தது. தம்பியின் முதுகுப் படம் போட்ட சட்டையில் குழுவினர் நின்றார்கள். முகத்தைப் போட்டால் துவைக்கும்போது பாவமாம். சூடம் காட்டினார்கள், சர்ச்சிலிருந்து வந்தவர்கள் ஜெபமும் செய்தார்கள், எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளக் கூடாது பாருங்கள். மௌன அஞ்சலியில் மூன்று பேருக்குப் போன் வந்தது, ஒருவர் எடுத்துப் பேசினார். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வந்துகொண்டே இருக்கிறார் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். தலைவர் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார், பக்கத்தில் ஒருவர் அதைப் படம் எடுத்தார்.

"அம்மா, ஒங்களுக்கு என்னா வேணும், சொல்லுங்க. நாங்க எல்லாம் ஒங்க புள்ளைங்கதான் லா."

"அவன் வெளையாடுறத ஒரு தடவ பாக்கணும் தம்பி."

"இதென்னா பெரிய விசயம்" என்று போனை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். பெரிய பெரிய போன்கள். ஆளாளுக்குத் தேய்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வேகமாகத் தேய்த்தார்கள். பிறகு மெதுவாக. தலைவர் ஒன்றைக் கண்டுபிடித்து அம்மாவிடம் நீட்டினார். அதில் அவர் முகம் இருந்தது. பின்னால், தோளுக்கு மேலே, கட்டைவிரல் அளவுக்கு என் தம்பி. அடுத்த போனில் அடுத்தவர் முகம். நேரலையாகப் பிடித்தேன் என்றார் இன்னொருவர், அவர் ஆட்டம் முழுக்கத் தான் கத்துவதையே பிடித்து வைத்திருந்தார். பந்து கூடையில் விழுந்த நேரம் என்று ஒன்றைக் காட்டினார்கள், எல்லாரும் எழுந்து குதித்ததில் கூரையும் நாலு விளக்கும் மட்டும் தெரிந்தன. உறுமி நன்றாகக் கேட்டது.

"இவன் நல்லா சிரிக்கிறான்" என்று யாருடைய முகத்தையோ பார்த்து மரியாதைக்குச் சொன்னாள் அம்மா.

படம் இல்லாவிட்டால் என்ன, நாங்கள் இருக்கிறோமே என்று சட்டென்று திடலில் இறங்கிவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் அவன் கடைசியாகப் போட்ட பந்தை நடித்தே காட்டுகிறார்களாம். ஒருவர் இடது கையால் போட்டான் என்றார். இன்னொருவர் பாதித் திடலிலிருந்து என்றார். கண்ணை மூடிக்கொண்டு போட்டான் என்றார் மூன்றாமவர், மூடியும் காட்டினார். பிறகு எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு, தலைவர் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து எழும்பினார். பூமிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தாள் நுழையலாம். பந்து வேலியைத் தாண்டி கேமரன் மலைச் சாலைக்குப் போய், ஒரு காய்கறி லாரிக்கு அடியில் வெடித்தது.

"இப்புடியா போட்டான்?" என்று அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

நான் "இல்லம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள், பேருந்து வராது என்று தெரிந்துவிட்டவள் மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சட்டைகளை எல்லாம் கொளுத்தியிருப்பேன்.

அப்போது ஓரமாக நின்றிருந்த ஒரு சீனர் அருகே வந்தார். அவரை எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். எதிரணியில் தம்பியைத் தடுப்பதற்கென்றே வைத்திருந்த ஆள். பீடோர்க் கதையில் வரும் முழங்கை இவருடையதுதான். ஈப்போவில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். இந்த ஆண்டுக் கோப்பையை அவர் கடை கொடுத்ததால், கொலைகாரன் என்று முடிவு செய்த பிறகும் அழைப்பிதழ் அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

"ஆன்ட்டி, சாயா அடா" என்றார். என்னிடம் இருக்கிறது என்று மலாயில்.

அவர் போனில் முகமே இல்லை. ஆட்டம் இருந்தது. ஒன்றல்ல, வரிசையாகப் பல ஆட்டங்கள். யாரையோ மேல்வரிசையில் உட்காரவைத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். தம்பி எங்கே போனாலும் கேமரா கூடவே போகிறது. எந்தக் காலில் எழும்புகிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று வீட்டில் போட்டுப் போட்டுப் பார்ப்பாராம். இவனை வேறு எப்படித் தடுப்பது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இத்தனை ஆண்டும் அதை அழிக்க மனம் வரவில்லையாம்.

அம்மா போனை இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். தம்பி ஓடினான். வாயைப் பாதி திறந்து, வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவனேதான். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கண் கொட்டாமல் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவனை அவள் அப்படி நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

படத்தில் தம்பி எழும்பினான். இந்த மனிதரும் எழும்பினார். தம்பி தரையில் விழுந்தான், முதுகு அடிபட. சுற்றி நின்ற ரசிகர்கள் உறுமினார்கள்.

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "தள்ளுனது நீயா?" என்று தோட்டத்து மலாயில் கேட்டாள்.

அவர் முகம் சிவந்தது. ஆமாம் என்றார். மன்னிப்புக் கேட்கப் போனார் என்று நினைக்கிறேன்.

அம்மா அவரைப் பேசவிடவில்லை. விரலால் போனைத் தட்டி, "லாகி" என்றாள். மறுபடி.

அவர் படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டார். தம்பி விழுந்தான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தான். ஒரு கையை ஊன்றினான். முட்டியை மடக்கினான். எழுந்து காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான்.

"லாகி."

பந்து கூடையில் விழுந்ததா என்று அவள் கேட்கவே இல்லை. யார் ஜெயித்தது என்றும் கேட்கவில்லை. அந்தக் கடைசிப் பந்து இதோ இந்த ஆட்டத்தில் இருக்கிறது என்று தலைவர் ஓடி வந்து காட்டினார், அவர் விரலை மெதுவாக நகர்த்திவிட்டாள். சீனர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேட்கக் கேட்க அதே இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒய்.பி. வந்துசேர்ந்தார். மேளம் அடித்தார்கள். பொன்னாடை போர்த்த, அருமைத் தாயார் அவர்கள் மேடைக்கு வரவும் என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. இரண்டாம் முறையும் கூப்பிட்டது. தலைவர் கையைப் பிசைந்துகொண்டு வந்து குனிந்தார்.

"அம்மா, ஒய்.பி. நிக்கிறாரு, வாங்கம்மா."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"இருங்கய்யா. புள்ள எந்திரிக்கிறான்."