வெர்லீன் கொண்டுபோன ஓட்டுகள்

வெர்லீன் டால்பர்ட்டுக்கு அறுபது நெருங்குகிறது. நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுவதுதான் முப்பது வருடமாக அவள் பிழைப்பு. அமெரிக்கத் தென்பகுதியில் அவள் குடியிருக்கும் கிராமத்துச் சாலையின் கறுப்பர் வீடுகள் அத்தனையிலும் அவளுக்குச் சமையலறை வரை உரிமை உண்டு. தேர்தல் வந்தால் இன்னொரு வேலையும் சேரும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் தபால் ஓட்டை உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள்; அவள் சாப்பாட்டுப் பையில் வைத்து, போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவாள். அதை யாரும் ஓர் உதவி என்றுகூட எண்ணியதில்லை.

இந்த வருடம் சட்டம் மாறியிருந்தது. ஒரே வீட்டில் குடியிருப்பவர் தவிர வேறு யாரும் அடுத்தவர் ஓட்டைத் தொடக் கூடாது. தேவாலயத்தில் போதகர் படித்துத்தான் காட்டினார். கூலிக்கு ஓட்டுத் திரட்டும் கட்சிக்காரர்களுக்குச் சொல்கிறார்கள் என்று வெர்லீன் நினைத்துக்கொண்டாள். வழக்கம்போல ஏழு வீட்டு ஓட்டுகளைப் பையில் வைத்துக் கொண்டுபோய்ப் போட்டாள். தினமும் மலச்சட்டி எடுக்கிறவளை அந்தச் சட்டம் அன்னியப் பெண்ணாக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

இழுத்து மூடிய ஆஸ்பத்திரியைத் திறக்க வைப்பேன் என்று சொல்லித் தேர்தலில் நின்ற கறுப்பினப் பெண் ஒன்பது ஓட்டில் ஜெயித்தாள். மறுவாரமே, தபால் ஓட்டுகளை யார் கொண்டுபோய்ப் போட்டது என்று கேட்டு விசாரணை அதிகாரி ஒருவன் வீடு வீடாக வர ஆரம்பித்தான். வெர்லீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கார் சத்தம் கேட்டாலே சன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். மாட்டினால் சிறை. சிறை தப்பினாலும் பராமரிப்பு உரிமம் போய்விடும். அப்புறம் ஏது பிழைப்பு?

புதன்கிழமை காலை, தேவாலயத்தின் மூத்த ஊழியர், தொண்ணூற்றொரு வயது டீக்கன் ஹோசியா பர்விஸுக்குச் சோளக்கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, கஞ்சியை மூக்குல ஊட்டுற? கை ஏன் இப்படி ஆடுது?"

"குளிருது டீக்கன் ஐயா."

"அடுப்புக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டா? பொய் சொல்லக்கூட ஒழுங்கா வரல உனக்கு. அவன் வந்தா நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் கதவு தட்டப்பட்டது. அதிகாரி வெள்ளைக்காரன், சின்ன வயது. ஒரு தாளைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஹோசியா, உங்க ஓட்டைத் தபால்ல போட்டது யாரு?"

பேரன் வயதுக்காரன் மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கிழவருக்குப் புதிதல்ல. பழகியிருந்தாரே தவிர, ஒருநாளும் பொறுத்துப்போனதில்லை.

"நான்தான். நடந்துபோய்ப் போட்டேன்."

"தபால் ஆபீஸ் ரெண்டு மைல்."

"காத்தாட நடந்தேன். உனக்கென்ன?"

"அப்படியா? எங்க, எந்திரிச்சுக் கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க, பாப்போம்."

கிழவர் மேசை விளிம்பைப் பிடித்தார். நான்கு வருடமாகத் தானாக எழுந்திராதவர், முழங்கால் வெடவெடக்க எழுந்து நின்றார். பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று வெர்லீனின் மனசு சொன்னது. வெட்கமாக இருந்தும் அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கிழவர் மேசையை விட்டார். ஓர் அடி வைத்தார். இரண்டாவது அடிக்குக் கால் வரவில்லை.

தரையில் விழுமுன் அவள் பிடித்துவிட்டாள்.

"விடுடி," என்று அவள் காதருகே சீறினார். "இன்னும் பத்தடிதான்."

"உக்காருங்க ஐயா."

அவரை அணைத்த கையை விடாமலே அதிகாரியைப் பார்த்தாள்.

"நான்தான் கொண்டுபோனேன். ஏழு பேரோடதையும். மத்த ஆறு வீட்டுக்கும் போயி யாரையும் நடக்கச் சொல்லாதீங்க."