கரப்பந்து வலையில் என் முடிச்சு

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தவக்காலத்தில், முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் கடற்றொழில் செய்பவன். படிப்புக் குறைவு. ஆனால் ஞாயிறு பூசையை ஒருநாளும் விட்டதில்லை.

என் மூத்த மகனுக்கு அப்போது பதினெட்டு வயது. ஊர்க் கழகத்தின் கரப்பந்துக் குழுவுக்கு அவன்தான் தலைவன். பின்னேரம் மைதானம், இருட்டினால் வீடு, செபமாலை. எனக்கு அதில் சரியான பெருமை. "விளையாடுற பிள்ளையள் கெட்டுப்போகாதுகள்" என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அவன் வயதுப் பொடியன் இன்னொருவன் வலை வைக்கிற எங்கள் வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் பீடியும் சீட்டுமாக இருப்பான். தகப்பன் இல்லை. யாராவது வள்ளத்தில் ஏற்றினால் தொழிலுக்குப் போவான். அவனைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.

எங்கள் அயலில் புருஷனை இழந்த அக்கா ஒருவர் இருந்தார். புருஷன் விட்டுப்போன திருக்கை வலையைத் தொழிலாளிகளுக்குப் பங்குக்குக் கொடுத்துத்தான் அவருடைய சீவியம். நூலுக்கே தட்டுப்பாடான காலம். ஒருநாள் காலையில் பார்த்தால், வாடிக்குள் கிடந்த அந்த வலையில் பெரிய துண்டொன்றை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அக்கா எங்கள் முற்றத்தில் வந்திருந்து அழுதார்.

நான் கனக்க யோசிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சீட்டுக்காரப் பொடியனின் சட்டையைப் பிடித்தேன்.

"ஆருக்கடா வித்தனி?"

"மாமா, சத்தியமா நான் தொடேல்லை."

"அப்ப சிலுவையில கை வைச்சுச் சொல்லு."

வைத்துச் சொன்னான். "சீட்டுப் பிடிச்ச கைதானே, எங்கையும் வைக்கும்" என்றேன். சனம் சிரித்தது. என் மகனும் பக்கத்தில்தான் நின்றான். அதற்குப் பிறகு தவக்காலம் முடியும்வரை ஒருத்தரும் அந்தப் பொடியனை வள்ளத்தில் ஏற்றவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் பக்கத்து ஊரோடு கரப்பந்துப் போட்டி. அதுவரை வெறும் கயிறு கட்டி விளையாடியவர்கள், அன்றைக்கு மேல்விளிம்பில் வெள்ளைத்துணி தைத்த வலை கட்டியிருந்தார்கள். வெளியூரில் ஆரோ தந்தது என்றான் மகன். அவனிடம் நான் சத்தியம் கேட்கவில்லை.

ஆட்டத்தின் நடுவில் வலை தொய்ந்தது. "அப்பா, அந்தக் கயித்தை ஒருக்கா இழுத்துக் கட்டுங்கோ" என்று மகன் கத்தினான். கிட்டப் போனேன்.

நான் இடக்கைக்காரன். வலை பொத்தினால் என் முடிச்சு மற்றவர்களின் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். அக்காவின் புருஷன் செத்த மாதம், அவருடைய கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்தவன் நான்தான். அந்த முடிச்சுகள் ஏழெட்டு என் கண்ணுக்கு முன்னால் இருந்தன.

கயிற்றை இழுத்துக் கட்டவில்லை. அவிழ்த்துவிட்டேன்.

"மாமா, விசரே உங்களுக்கு? பதின்மூண்டுக்குப் பதின்மூண்டில நிக்குது!" என்று ஒரு பொடியன் பாய்ந்து வந்தான். மகன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"சும்மா கிடந்த வலைதானே அப்பா. கழகத்துக்குத்தானே வெட்டினனாங்கள், விக்கேல்லையே."

"அப்ப கோயிலடியில ஏன் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் அவன்தான் எண்டு நிண்டியள். எனக்கும் அது வசதியாப் போச்சு."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. இரண்டு ஊர்ச் சனமும் கேட்க, களவு என் வீட்டில்தான் என்று சொன்னேன். பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு வாடிக்குப் போனேன். சீட்டுக்காரப் பொடியன் தனிய இருந்தான். நான் பிழை விட்டதைச் சொன்னேன். மகன் அழுதான். அந்தப் பொடியன் அழவில்லை.

"நான் சிலுவையில கை வைச்சனான் மாமா. நீங்கள் அதைப் பார்க்கேல்லை, சீட்டைத்தான் பார்த்தனீங்கள்" என்றான்.

அடுத்த நாளே அவனை என் வள்ளத்தில் ஏற்றினேன். அந்தத் துண்டை அக்காவின் வலையோடு திரும்பவும் பொருத்த, மகனுக்கும் எனக்கும் ஒரு கிழமை பிடித்தது. "கேட்டிருந்தால் பழந்துண்டு ஒண்டு தந்திருப்பன் தம்பி" என்று மட்டும் அக்கா மகனிடம் சொன்னார்.

மகன் விளையாட்டை விடவில்லை. மற்றவனும் சீட்டை விடவில்லை. என் வள்ளத்தில் தொழில் செய்த காலம் முழுக்க ஒரு மீன்கூட அவன் ஒளித்ததில்லை. இப்போதும் ஒரு பிள்ளையைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல வாய் எடுத்தால், கோயில் வாசலில் அந்தச் சட்டையைப் பிடித்த என் இடக்கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.