வளையத்தில் காய்ந்த சந்தனம்

அளவு விஷயத்தில் அய்யாக்கண்ணுவை மிஞ்ச பினாங்குக் கடலோரப் பட்டறைகளில் ஆள் கிடையாது. சண்டைக்காகப் பீரங்கிக் குண்டின் ஓடுகளைக் கடையும் பட்டறையில் அளவு வளையம் அவன் பொறுப்பு. அதற்குள் நுழையும் ஓடு கப்பலேறும். நுழையாதது உலைக்குப் போகும். வளையமே பிசகிவிட்டால்? அதைச் சோதிக்கப் பெட்டியில் சரியான ஓட்டின் அளவில் செய்த ஒரு மூலக்கட்டை இருந்தது. காலையில் அதைச் செருகிப் பார்க்காமல் அவன் யாருக்கும் வளையம் கொடுத்ததில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் கொடுத்துவிட்டான். பூஜைக்குச் சற்று முன்புதானே பார்த்தோம், பூட்டி வைத்த இரும்பு மாறவா போகிறது என்று நினைத்தான்.

வெயில் ஏறுவதற்குள் ஓடுகள் மலையாய்க் குவிந்தன. ஒன்றுகூட நுழையவில்லை.

“சியாப்பா பூஞ்ஞா கெர்ஜா?” யார் வேலை என்று மலாயில் கத்தினார் பட்டறையின் வெள்ளைக்காரத் துரை. கடைசல்காரன் ஜபருல்லா முன்னே வந்தான். சிங்கப்பூரில் கலகம் செய்த முஸ்லிம் சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட வருஷம் அது. வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான் என்றார் துரை. காவலாளி அவன் தோளைப் பற்றினான். போலீசுக்கு ஆள் ஓடியது.

“அண்ணே, நேத்து மாதிரிதான் இன்னிக்கும் கடைஞ்சேன். நீங்களாச்சும் சொல்லுங்கலா!” என்று அய்யாக்கண்ணுவைப் பார்த்துக் கதறினான் ஜபருல்லா.

அய்யாக்கண்ணு மூலக்கட்டையை எடுத்து வளையத்தில் செருகினான். விளிம்பிலேயே நின்றது. உள்ளே நகத்தால் சுரண்டினான். மஞ்சளாய் வந்தது. முகர்ந்து பார்த்தான். அக்கா வள்ளியம்மா அரைத்துக் கொடுத்த சந்தனம்! பூஜையில் வளையத்துக்குப் பொட்டு வைத்தவன் அவன்தான். துடைத்தபோது உள்ளே இழுகித் தோலாய்க் காய்ந்திருக்கிறது.

சத்தமில்லாமல் துடைத்துவிட்டால் தன் தலை தப்பும். கழித்த ஓடுகளை யார் மறுபடி அளக்கப் போகிறார்கள்? சொன்னாலோ, அந்தச் சுவர் தனக்கு.

நடந்துபோய்த் துரையிடம் வளையத்தை நீட்டினான். “சயா பூஞ்ஞா சாலா, துரை. தப்பு என்னுது.”

துரை வளையத்தை முகர்ந்தார். மண்ணெண்ணெய்த் துணி ஒன்றை அவன் மேல் எறிந்தார். அவன் துடைத்துக் கொடுக்க, முதல் ஓடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடுத்ததும் போனது.

வாசலில் போலீஸ்காரர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரையின் கை உயர்ந்தது. யாரைக் காட்டப் போகிறதோ என்று அய்யாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டான். திரும்பிப் போகச் சொல்லிக் கையை அசைத்தார் துரை.

“உங்க சாமிக்குப் பொட்டு, எனக்குச் சுவரா?” ஜபருல்லாவின் குரல் இன்னும் உடைந்திருந்தது. “அடுத்த வருஷம் பெட்டிக்கு வைங்க அண்ணே.”

அப்படியே செய்தான். ஆனாலும் சண்டை ஓய்ந்து வெகுகாலம் ஆன பின்பும், வளையத்தைத் தொடுமுன் விரலை முகர்ந்து பார்ப்பான்.