எங்கள் தலைமையாசிரியரின் மரத்தடிப் பாடம்

சிவப்புக் கயிற்றில் தொங்கிய ஒரு விசில். அவரை நினைத்தால் முதலில் அதுதான் எனக்குக் கேட்கிறது. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளி. அவர் தலைமையாசிரியர், நான் உதவி ஆசிரியை, வேறு யாரும் கிடையாது. நான் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுத, பிள்ளைகள் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருப்பார்கள். வெளியே விசில் ஊதும். அவ்வளவுதான், வகுப்பு காலி. "நாலு செவுத்துக்குள்ள இன்னா டீச்சர் இருக்குது? வெளியதான் படிப்பே" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானும் மரத்தடியில் பாடம் சொன்னவள்தான். மண்ணில் விரலால் எழுத வைத்திருக்கிறேன், புளியங்கொட்டையைப் பரப்பிக் கூட்டல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் இந்த மனிதர் நடத்திய கூத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

செங்கம் சாலை விடுதிகளில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களும் சென்னைக்காரர்களும் கிரிவலம் சுற்றி முடித்துவிட்டு, கிராமம் பார்க்க ஆசைப்படுவார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் இவ்வளவும். பள்ளி வளாகத்து மரங்களில் எல்லாம் பெயர்ப்பலகை கட்டினார். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பிள்ளை. இவர் சொல்லிக்கொடுத்த நாலு வரியை அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்து, பலகையில் விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பிக்க வேண்டும். தூரத்தில் நிற்பவருக்கு அசல் வாசிப்பு போலவே இருக்கும். எறும்பு வரிசையைப் பார்த்து வியப்பதற்குக்கூட ஒத்திகை நடந்தது. வேர்க்கடலைக் கொல்லையிலேயே புரண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, எறும்பைக் கண்டு வாய் பிளக்கக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் அவர்.

வேப்பமரம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு வாய்த்தது. அவளுடைய அம்மா செங்கம் சாலையில் ஒரு விடுதியில் அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலை செய்தாள். மகளைச் சேர்க்க வந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள்: "எனக்கு பஸ் போர்டு கூட படிக்கத் தெரியாது டீச்சர். தெனம் யாரையாவது கேட்டுத்தான் ஏறுறேன். இவ அப்படி நிக்கக் கூடாது." அவள் கேட்டது அது ஒன்றுதான். சிறுமிக்கும் வாசிப்பு எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. இரண்டு எழுத்துச் சொற்களைத் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்த நேரம் பார்த்து விசில் ஊதும். காலை நேரத்திலாவது அவளை விட்டுவிடுங்கள் என்று பலமுறை கேட்டேன். அவளுக்குத்தான் குரல் கணீரென்று இருக்கிறதாம், அவளை விட முடியாதாம். ஒரு முறை எனக்குப் புதுமை பிடிக்காது என்றும் சொன்னார். புதுமையாம்!

விருந்தாளிகள் வந்த ஒரு நாளில், மகள் பேசுவதைக் கேட்க அந்த அம்மா அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நல்ல புடவை, தலையில் பூ. வேப்பமரத்தடியில் வெயில் எதிரே அடித்தது, படம் சரியாக விழாது என்றார் அவர்களோடு வந்த கேமராக்காரர். உடனே தலைமையாசிரியர் சிறுமியைத் தோளைப் பிடித்து நகர்த்தி, புங்கமரத்தடியில் நிறுத்தி, சொல்லச் சொன்னார். அவள் புங்கமரத்துப் பலகையில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தி, கணீரென்று சொன்னாள்: "இது வேப்பமரம். இதன் இலை கசக்கும். இதன் குச்சியால் பல் துலக்கலாம்." தலைமையாசிரியர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மா தட்டவில்லை. வேம்புக்கும் புங்கனுக்கும் வித்தியாசம் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

விருந்தாளிகள் இளநீர் குடிக்கப் போன பிறகு அவள் மகளைக் கையைப் பிடித்துப் புளியமரத்துக்கு அழைத்துப் போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பலகையைக் காட்டி, படி என்றாள். சிறுமி பலகையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இது என் மரம் இல்லம்மா. என் மரம் அங்க இருக்குது."

அந்த அம்மா சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "இவ படிக்கிறான்னு நெனச்சிட்டிருந்தேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். பூவைச் சரி செய்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். சும்மா இருக்கிற ஆளா? செங்கம் சாலையில் ஓர் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் 'சுவரில்லாத வகுப்பறை' என்று பேசிக்கொண்டிருக்கிறார். போன மாதம் நானும் போய் உட்கார்ந்தேன். அந்தப் புங்கமரத்துப் படம் திரையில் பெரிதாக வந்தது. இந்தப் பெண் மரத்தோடு உரையாடுகிறாள் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கேட்டவர்கள் உருகினார்கள். அந்தப் பெண் அடுத்த வாரமே பள்ளியில் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அந்த விருந்தாளிகள் வந்துபோன அடுத்த திங்கட்கிழமை அவளுடைய அம்மா வந்து டி.சி. கேட்டாள். வேனில் போகிற தனியார் பள்ளியில் இடம் தருகிறார்களாம், ஆனால் இன்னும் வாசிக்கத் தெரியாததால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் உட்கார வைப்பார்களாம். அதைச் சொல்லும்போது மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சிறுமி தரையைப் பார்த்து நின்றாள். தலைமையாசிரியர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவர்கள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கெழம ஆளுங்க வராங்க டீச்சர். வேப்பமரத்துக்கு வேற பொண்ண ரெடி பண்ணிடுங்க."