சுத்தமா இருந்தா போதும்

அந்தக் கடையில் எல்லாரும் அவரைச் 'சக்கரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று முதலாளியம்மா வைத்த பெயர். சக்கரம் என்று ஒரு பழைய காசே உண்டு என்பதால், பழங்காசுக் கடையில் வேலை பார்ப்பவருக்கு அது பொருத்தமாகவும் போயிற்று. நாற்காலி என்ற ஒன்றை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்பதே தெரியாத மனிதர். நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே போன் பேசுவார். பத்தொன்பது வயதுக்குள் ஆறு வேலைகள் பார்த்து, "ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறான்" என்று ஆறிலிருந்தும் விரட்டப்பட்டவர்.

ஏழாவதாக இந்தக் கடைக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு வந்தார். மூன்றாம் மாதம், முதலாளியம்மா விலை பேசிக்கொண்டிருந்த ஒரு காசை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதைத் தேச்சிருக்காங்க" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தால், தேய்த்துத்தான் இருந்தது. அன்றோடு பார்சல் வேலை போய், பார்க்கும் வேலை வந்தது. முப்பத்து மூன்று வருஷமாக அதே வேலை.

பார்ப்பது என்றால் விலை சொல்வதல்ல. தாத்தா விட்டுப்போனது, மாமனார் விட்டுப்போனது என்று ஜனங்கள் கொண்டுவரும் காசை யாராவது துலக்கியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். விளக்கின் கீழே காசைச் சாய்த்துத் திருப்பினால், தொடாத காசில் ஒளி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருண்டு ஓடும். துலக்கின காசில் ஓடாது. மொத்தமாக ஒரே பளபளப்பாக, வழித்துவிட்ட முகம் மாதிரி முழித்துக்கொண்டு நிற்கும். லென்ஸில் பார்த்தால் ராஜாவின் கன்னம் முழுக்க மயிரிழைக் கீறல்கள். தொடாத காசு கறுத்து, நீலம் பாய்ந்து, பார்ப்பதற்கு அழுக்குப் பிடித்ததுபோல இருக்கும். அதற்குத்தான் கடையில் 'சுத்தம்' என்று பெயர். ஊருக்கெல்லாம் அழுக்கு, இவர்களுக்கு மட்டும் சுத்தம்.

துலக்கிக் கொண்டுவருகிறவர்கள்மேல் சக்கரத்துக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா இவங்களுக்கு?" என்று, தான் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதவர், கத்துவார். வீட்டிலும் இதே பேச்சுத்தான். "அப்ப சாப்பிட்ட தட்டையும் கழுவ வேணாம், அதுக்கும் வயசாகட்டும்" என்பாள் மனைவி.

முதலாளியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனபிறகு லென்ஸை அவள் தொடுவதேயில்லை. "சுத்தமா?" என்று கேட்பாள். "சுத்தம்" என்பார் இவர். அல்லது "தொட்டது" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவள் பணத்தை எடுப்பாள். சேகரிப்பவர்களுக்கும் அதே சொல்லை நம்பித்தான் விற்பாள்.

அன்று காலை பதினோரு மணிக்கு சக்கரத்தின் அக்கா வந்து இறங்கினாள், இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே. மடியில் கட்டாத குறையாக அப்பாவின் காசுப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். ஏழு வருஷம் படுக்கையில் கிடந்த அப்பாவைத் தூக்கி உட்காரவைத்ததும் துடைத்துவிட்டதும் அவள்தான். அதனால் பெட்டியை அப்பா அவளுக்குத்தான் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பங்கு கேட்டால் வாய் அழுகிப்போகும் என்று தம்பிக்குத் தெரியும். ராஜா தலை போட்ட பெரிய வெள்ளிக் காசுகள், நாற்பத்தொன்று. சின்ன வயதில் அவற்றை அவர் பார்த்திருக்கிறார். அமாவாசை வானம்போல அப்படி ஒரு கறுப்பு. அத்தனையும் தொடாத காசு.

அக்கா தையல்காரி. புருஷன் போனபிறகு கொழுந்தன் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே மெஷினைப் போட்டுக்கொண்டு தைக்கிறாள். "மிஷின் சத்தத்துல டி.வி. கேக்கல" என்று ஓரகத்தி கதவைச் சாத்துகிற சத்தத்தை ஆறு வருஷமாகக் கேட்டவள். இப்போது கடைத்தெருவில் ஓர் அறை காலியாக இருக்கிறது. முன்னால் தையல், பின்னால் படுக்கை. எலி வளையானாலும் தனி வளை. இன்று சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் நாளை வேறொருவருக்கு. காசை விற்றால் அட்வான்ஸும் கொடுத்து மிச்சமும் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் தம்பிதான்.

"முதலாளியம்மா எங்கடா?"

"கண் டாக்டர்கிட்ட. மூணு மணிக்கு வந்துடுவாங்க. எங்க, காட்டு."

அக்கா பெட்டியைத் திறந்தாள். சக்கரம் லென்ஸை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நாற்பத்தொரு காசும் புதுக் கரண்டி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

"எப்படி?" என்றாள் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. "நாலு நாள்டா. பல்பொடி போட்டு, எலுமிச்சம்பழம் போட்டு, பழைய பிரஷ்ஷால. எழுத்துக்குள்ள அடைஞ்சுகிட்டிருந்ததை ஊசி முனையால நோண்டி எடுத்தேன். கையைப் பாரு, தோலே உரிஞ்சுபோச்சு."

"யாரு... யாரு உன்னைத் தேய்க்கச் சொன்னது?"

"இது என்ன கேள்வி? நீதானே போன்ல சொன்னே. 'காசு சுத்தமா இருந்தா போதும்க்கா, மத்ததை நான் பாத்துக்கறேன்'னு."

சொன்னார். நடந்துகொண்டே, கடைவாசலில், அவசரத்தில் சொன்னார். முப்பத்து மூன்று வருஷமாக அந்தச் சொல்லைக் கடை அர்த்தத்தில் பேசிப் பேசி, ஊரில் அதற்கு வேறு அர்த்தம் இருப்பதே மறந்துபோயிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெடுத்துக்கொள்வதாவது தன்னை மட்டும்தான்.

"இரு அக்கா, இதோ வந்துடறேன்" என்று தெருவில் இறங்கினார்.

முனைவரை போனார். திரும்பினார். மருந்துக்கடைவரை போனார். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். சாவி போடுகிறவர் தலையைத் தூக்கி, "என்ன சக்கரம், இன்னிக்கு டயர் ரொம்ப சூடா இருக்கு?" என்றார். சக்கரம் திரும்பிக் கடைக்கு வந்தார். கடைக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா கைப்பையிலிருந்து ஊசிநூலை எடுத்து, கண்ணாடி மேஜைமேல் விரித்திருந்த துணியின் பிரிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் மறுபடி தெருவுக்கு வந்தார்.

ஒரே ஒரு சொல். அந்தம்மா பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். "சுத்தம்" என்று சொல்லிவிட்டால் அக்காவுக்கு அறை, மெஷினுக்கு வெளிச்சம், ஓரகத்தியின் கதவுச் சத்தத்திலிருந்து விடுதலை. பிறகு ஒருநாள் சேகரிப்பவர் எவராவது அந்தக் காசைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வீசுவார். வீசட்டும். அதற்குள் அக்கா குடியேறியிருப்பாள். சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை முடிவெடுத்தார். முடியாது என்று ஐந்து தடவை. குட்டி போட்ட பூனை மாதிரி அந்தத் தெருவை அளந்ததில் செருப்பின் வாரும் அறுந்தது. இழுத்துக்கொண்டே நடந்தார்.

மூன்றரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள் முதலாளியம்மா, கறுப்புக் கண்ணாடியோடு.

"யாரு, அக்காவா? வாம்மா. உன் தம்பிக்கு ஒரு வாரமா உங்கப்பா காசைப் பத்தியேதான் பேச்சு" என்று உட்கார்ந்தாள். இவர் பக்கம் திரும்பினாள். "என்ன, சுத்தமா?"

அக்கா பெருமையாகத் தம்பியைப் பார்த்தாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "தொட்டதும்மா."

"எத்தனை?"

"நாப்பத்தொண்ணும்."

"அடக் கடவுளே! எந்தப் பாவி செஞ்ச வேலை இது?"

"நான்தாம்மா."

"நீயா!"

"இவன் எங்க தேச்சான்?" என்று குறுக்கே பாய்ந்தாள் அக்கா. "ஒரு காசைக்கூட இவன் தொடலை. எல்லாம் நான் தேச்சது. ஏன், சரியா போகலையா? எதுல அழுக்கு இருக்கு?"

முதலாளியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "அது அழுக்கு இல்லம்மா. வெள்ளி தனக்குத்தானே தைச்சுப் போட்டுக்கிற சட்டை. தைக்க நூறு வருஷம் ஆகும். உரிச்சா திரும்ப வராது. சட்டையோட இருந்தாதான் வாங்குறவங்க வாங்குவாங்க. இப்ப எடைக்குத்தான் போகும்."

எடைக்கு எவ்வளவு என்று அக்கா கேட்டாள். முதலாளியம்மா தராசில் வைத்து, நியாயமாகத்தான் சொன்னாள். அறையின் அட்வான்ஸில் பாதிகூட வரவில்லை.

அக்கா ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அந்தக் கறுப்புல அப்பா கையும் இருந்திருக்கும், இல்ல?" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஞாயித்துக்கிழமையானா எடுத்து எடுத்துப் பாப்பாரே." பிறகு பெட்டியை மூடினாள். "எடைக்கு வேணாம்மா. இருக்கட்டும்."

"அட்வான்ஸை நான் எப்படியாவது பொரட்டறேன்கா" என்றார் தம்பி.

"எதை வச்சுப் பொரட்டுவே? உன் பொண்ணு பீஸுக்கே நீ கடன்ல நிக்கிற."

அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார், அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. திட்டிவிட்டால்கூட நன்றாயிருக்கும் என்று இருந்தது. அவள் திட்டவில்லை. பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ சுத்தம்னு சொல்லியிருந்தா அந்தம்மா நம்பியிருப்பாங்களா?"

"நம்பியிருப்பாங்க."

"பெட்டியைத் தொறந்து பாக்காமயேவா?"

"பாக்காமயே. இத்தனை வருஷமா நான் சொன்னா சொன்னதுதான். அதைக் கெடுக்க மனசு வரலைக்கா."

அக்கா தலையாட்டினாள். அது சரிதான் என்பதுபோலத்தான் ஆட்டினாள். பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானும் அப்படித்தான்டா" என்றாள். "எதுக்கு, என்னன்னு உன்னை ஒரு வார்த்தை கேக்கலை. நீ சொன்னேன்னு நாலு நாள் தேச்சேன்."