ஹைகேட் மலை அமெரிக்கர்

லண்டன் ஆர்ச்வேயில் நான் மினிகாப் டாக்ஸி ஓட்டிய காலத்தில், வியாழக்கிழமைகளில் ஒரு வயதானவர் என்னைத்தான் அனுப்பச் சொல்லி ஒப்பீசுக்குப் போன் பண்ணுவார். முருகன் கோயிலுக்குச் சற்று மேலே, ஹைகேட் மலைச்சரிவில் அவருடைய வீடு. அமெரிக்கர். எப்போதும் முன் சீட்டில், எனக்குப் பக்கத்தில்தான் ஏறி உட்காருவார். முழங்கால் வைத்தியத்துக்குப் போகிற பயணம் அது. சிவப்பு விளக்கு விழுந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், இன்னும் கொஞ்சம் பேசலாம். எங்கிருந்து வந்தாய் என்று எல்லோரும் கேட்பார்கள். ஏன் வந்தாய் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவர் ஒருகாலத்தில் ஹாலிவுட்டில் படம் இயக்கியவர் என்று எனக்குத் தெரியவரப் பல மாதங்கள் ஆயின. இளம் வயதில் இடதுசாரிக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறார். பிறகு அங்கே அரசாங்கம் கம்யூனிஸ்டுகளைத் தேடத் தொடங்கியபோது, கூட வேலை செய்த நண்பர் ஒருவர் விசாரணைக் குழுவின் முன்னால் இவருடைய பெயரைச் சொல்லிவிட்டார். இவரையும் அழைத்தார்கள். மற்றவர்களுடைய பெயர்களைச் சொன்னால் வேலை தொடரும். இவர் மறுத்துவிட்டு மனைவியோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். இவர் பெயர் இருந்தால் அமெரிக்காவில் படத்தை வாங்கமாட்டார்கள் என்பதால், சில வருடங்கள் வேறொருவர் பெயரில் படம் எடுத்துத்தான் சீவித்தார்.

நான் அவருக்குத் தலையாட்டிகளைப் பற்றிச் சொன்னேன். சண்டைக் காலத்தில் ஊரில் ஆமிக்காரர் எங்களை வரிசையில் நிறுத்தி, சாக்கால் முகம் மூடிய ஒருவனுக்கு முன்னால் நடக்கவிடுவார்கள். அவன் தலையாட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். என் கூட்டாளி ஒருவன் அப்படித்தான் போனான்.  தங்களுடைய தலையாட்டிகள் முகத்தை மூடவில்லை, டை கட்டிக்கொண்டு மைக்கில் சொன்னார்கள் என்றார் அவர்.

ஒரு வருடம் அமெரிக்காவில் அவருடைய நகரத்தில் அவருடைய படங்களைத் திரையிட்டுக் கௌரவிக்க அழைத்தார்கள். அவருக்குப் போக மனமில்லை. வீட்டில் இதைச் சொன்னேன்.

"போகச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி. "எங்களுக்குத்தான் திரும்பிப் போக ஏலாது. அவருக்கு ஏலும்தானே."

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். ஹீத்ரோவில் இறக்கிவிட்டதும் நான்தான், திரும்பி வந்தபோது ஏற்றியதும் நான்தான். மண்டபத்துக்கு, அன்று பெயரைச் சொன்ன அந்த நண்பரும் கைத்தடியோடு வந்திருந்தாராம். உன் மனைவி சுகமா என்று விசாரித்திருக்கிறார். இறந்துவிட்டாள் என்று இவர் சொன்னதும், நின்ற இடத்திலேயே அழுதிருக்கிறார்.

மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லை. கைக்குட்டையைக் கொடுத்தேன்," என்றார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "அதையும் அவன் திருப்பித் தரவில்லை," என்று சிரித்தார்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். நாங்களும் லண்டனின் தெற்கே மிச்சம் என்ற இடத்துக்கு வீடு மாறினோம்.

போன மாதம் மகள் எங்கோ தேடிப்பிடித்து, அவருடைய பழைய படமொன்றை டிவியில் போட்டுக் காட்டினாள். கறுப்பு வெள்ளை. அமெரிக்க நகரமொன்றில் நடக்கிற கதை. மழையில் ஒருவன் ஓடுகிறான். மனைவி எழுந்து டிவிக்குக் கிட்டப் போனாள்.

"உது எங்கட ஆர்ச்வே பாலம் எல்லே?"

அந்தப் பாலமேதான். தன் ஊருக்குப் போக முடியாத காலத்தில் அவர், பாலத்துக்குக் கீழே அமெரிக்கக் கார்களை நிறுத்தி, கடைப் பலகைகளை மாற்றி எடுத்திருக்கிறார். மகளிடம் பின்னுக்குக் கொண்டுபோகச் சொல்லி அந்த இடத்தை மறுபடி பார்த்தோம். மனைவி கடைசிவரைக்கும் உட்காரவில்லை.